பொரிப் பொட்டலத்தில் கர்னல்

பொரி, பொட்டுக்கடலை, நாட்டுச்சர்க்கரை, இரண்டு தேங்காய்ச் சில்லு, கூடவே ஒரு முழு லினக்ஸ் கர்னல். இத்தனையையும் ஒரே பொட்டலத்திலிருந்து எடுத்து, ராகுகாலம் பிறக்க நான்கு நிமிடம் இருக்கும்போது சோமனூரில் அறுபத்து நான்கு தறிகளை ஓடவிட்டவன் இந்த அண்டசராசரத்தில் நான் ஒருவன்தான்.

சரவணம்பட்டி பேக்கரியில் போன வாரம் நான் இதைச் சொன்னதும் ஏழு பேர் சிரித்தார்கள். எட்டாவதாகச் சிரித்தவர் பேக்கரிக்காரர் திருமலைசாமி. தேங்காய் பன் வெட்டிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டு, அதற்கென்று நேரம் ஒதுக்கிச் சிரித்தார். சிரிக்காதவர் தம்பிதுரை மட்டும்தான்.

“பொய்யுங்க,” என்றார் டீயை உறிஞ்சாமல், என்னைக் காட்டி. “சீனிவாசலு புளுகுறதைக் கோன்ல சுத்துனா நாலு மில்லுக்கு ஒரு வருசம் நூல் ஆகுமுங்க.”

எங்கள் பக்கத்தில் சண்டையிலும் மரியாதை குறையாது. தம்பிதுரை என்னை இருபத்தொரு வருடமாகத் திட்டுகிறார். ஒரு ‘ங்க’ கூட விட்டதில்லை. நானும் அவரை மனதுக்குள் பலமுறை வால்பாறை மலைப்பாதையில், நாற்பது கொண்டை ஊசி வளைவிலும் தனித்தனியாகத் தள்ளிவிட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் “பார்த்துப் போங்க” என்று சொல்லித்தான் தள்ளினேன்.

காரணம் இருக்கிறது. சோமனூர் பக்கம் ஒரு நெசவு மில்லில் முப்பது வருடம் கம்ப்யூட்டர் பார்த்தவன் நான். அந்தச் சுற்றுவட்டார மில்களுக்கெல்லாம் கம்ப்யூட்டரும் அதில் செருகும் கார்டுகளும் விற்றவர் தம்பிதுரை. எங்கள் கம்ப்யூட்டரிலும் அவர் விற்ற கார்டு ஒன்று இருந்தது. ஒவ்வொரு தறியிலிருந்தும் அதற்கு ஒரு ஒயர் வரும். தறி எத்தனை இழை போட்டது என்று கார்டு எண்ணும். எண்ணிக்கை வந்தால் தறி ஓடும். வராவிட்டால் தறி நின்றுவிடும்.

கார்டு தானாகப் பேசாது. கம்ப்யூட்டரை ஓட்டும் லினக்ஸின் நடுவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் மேய்ப்பது கர்னல். அதோடு கார்டைப் பேசவைப்பது டிரைவர். டிரைவரைத் தைக்க, அதாவது கம்பைல் செய்ய, கர்னலின் அளவுகள் வேண்டும். அந்த அளவுக் குறிப்புகளுக்குத்தான் ஹெட்டர் என்று பெயர். வேறொரு கர்னலின் அளவுக்குத் தைத்த டிரைவரை மாட்டுவது, திருப்பூரில் கைக்குழந்தைக்குத் தைத்த பனியனை மருதமலை யானைக்கு மாட்டுவது மாதிரி. தலையே நுழையாது.

கர்னலின் மூல நிரலான சோர்ஸையும் இந்த ஹெட்டரையும் எங்கே வைப்பது என்பதில்தான் பகை பிறந்தது. /usr/src/linux என்ற ஃபோல்டரில் வைக்க வேண்டும், ஊருக்கு ஒரே மாரியம்மன் கோயில் மாதிரி எல்லாருக்கும் ஒரே இடம் என்பது தம்பிதுரை கட்சி. அந்தப் பெயரில் பதிப்பு எண்ணே இல்லை, இன்றைக்கு ஒருவர் ஒன்றை வைப்பார், நாளைக்கு இன்னொருவர் வேறொன்றை வைப்பார், எந்தக் கர்னலின் அளவு என்று கர்னலுக்கே தெரியாது. ஆகவே அவரவர் வீடான /home ஃபோல்டரில் எண் எழுதி வைத்து அங்கேயே கம்பைல் செய்ய வேண்டும் என்பது என் கட்சி. ஓடுகிற கர்னலின் பெயரில் /lib/modules-இல் ஒரு ஃபோல்டர் இருக்கும். அதற்குள் build என்று ஒரு கைகாட்டி. ‘என் அளவெல்லாம் அங்கே இருக்கிறது’ என்று அது விரலை நீட்டும். விரல் சரியான இடத்தைக் காட்டினால் போதும்.

தம்பிதுரை தன் கட்சியோடு நின்றிருந்தால்கூட மன்னித்திருப்பேன். சாதாரண நிரல்கள் எல்லாம் நம்பியிருக்கும் சி லைப்ரரியோடு வந்து /usr/include-இல் தனியாக இருக்கும் ஹெட்டர்களைக் கர்னல் சோர்ஸோடு கலக்கக்கூடாது என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். இந்த மனிதர் முதல் வருடமே அவற்றைத் தூக்கி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் தன் /usr/src/linux-ஐக் காட்டும் கைகாட்டியை நட்டார். மறுநாள் கேன்டீன் டோக்கன் நிரல்கூடக் கம்பைல் ஆகாமல் படுத்துக்கொண்டது. முந்நூறு பேருக்குத் தக்காளி சாதம் கிடைக்கவில்லை. சரி, முப்பது பேர்.

“உங்க எடத்துல வெச்சா ஊரே பட்டினியுங்க,” என்றேன்.

“நீங்க மட்டும் என்னுங்க, மில்லு சாமானைச் சொந்த ஊட்டுல பதுக்கற ஆளுதானுங்க,” என்றார்.

அன்றிலிருந்து இருபது வருடம் இந்த இரண்டு வாக்கியத்தையும் மாற்றி மாற்றிப் பேசியே வாழ்ந்தோம்.

மூன்று வருடத்துக்கு முன் நான் ஓய்வு பெற்றேன். என் இடத்துக்கு ஆள் எடுக்காமல், கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் வேலையைத் தம்பிதுரையிடமே கொடுத்தார்கள். அன்றைக்கு எனக்கு வயிறு எரிந்த எரிச்சலில் ஆனைமலைத் தேயிலை மொத்தமும் கருகியிருக்க வேண்டும். எப்படித் தப்பியது என்று தெரியவில்லை.

அந்தக் கம்ப்யூட்டரில் ஓடிய கர்னல் என் கைச்சமையல். இணையத்தில் எங்கும் கிடைக்காது. அதன் சோர்ஸ், ஹெட்டர், டிரைவர் எல்லாம் /home/seenu என்ற என் ஃபோல்டரில் இருந்தன. கம்ப்யூட்டர் கிளம்பும்போதெல்லாம் build விரல் காட்டும் இடத்துக்குப் போய், டிரைவரைப் புதிதாகத் தைத்து மாட்டிக்கொள்ளும்படி எழுதிவைத்திருந்தேன். அது வருடத்துக்கு ஒரே ஒரு முறைதான் அணையும், ஆயுதபூசைக்கு. எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் ஒரு நீலப் பென்டிரைவில் பிரதி எடுத்து, கம்ப்யூட்டர் பெட்டியில் நூலால் கட்டித் தொங்கவிட்டேன். இன்னொரு பிரதி என் பழைய லேப்டாப்பில் இருந்தது. அதை ராமாமணி, அவள்தான் என் மனைவி, பாத்திரக்காரனிடம் போட்டு இட்லிச் சட்டி வாங்கிவிட்டாள். இட்லி நன்றாகத்தான் வருகிறது.

போன வருடம் ஆயுதபூசை வெள்ளிக்கிழமை வந்தது. முதல் நாள் மில்லில் ஆளுக்கொன்றைத் துடைத்தார்கள். தறியைத் துடைத்தார்கள், ஸ்பேனரைத் துடைத்தார்கள், துடைக்கிற துணியைக்கூட ஒருவர் துவைத்தார். தம்பிதுரை தன் பங்குக்குக் கம்ப்யூட்டரின் உள்ளே துடைத்தார். அங்கே seenu என்று ஒரு வீடு. ஓய்வு பெற்றுப் போனவனுக்கு மில்லுக்குள் எதற்கு வீடு? ஒரே வரியில் என்னையும் என் வீட்டையும் கூரையோடு பிடுங்கி எறிந்தார்.

தறிகளுக்கு அன்று ஒன்றும் ஆகவில்லை. மாட்டிய டிரைவர் மாட்டியபடி ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் பூசைக்காக எல்லாவற்றையும் அணைத்தார்கள். பழைய ஆள் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள், போனேன். கம்ப்யூட்டர் திரையில் சந்தனம், குங்குமம். கீழே வாழை இலையில் ஸ்பேனர், கத்தரி, குங்குமப் பொட்டு வைத்த என் நீலப் பென்டிரைவ், பக்கத்தில் பொரி மலை. கும்பிட்டுவிட்டு, தம்பிதுரை முகத்தைப் பார்க்காமல் வீட்டுக்கு வந்தேன்.

சனிக்கிழமை விஜயதசமி. காலை ஏழு மணிக்கு பிரவீனா போனில் கூப்பிட்டாள். முதலாளியின் மகள், இப்போது மில்லை நடத்துவது அந்தப் பெண்தான்.

“ஏனுங்க சீனு சார், கம்ப்யூட்டர் எந்திரிச்சிருச்சுங்க. ஒரு தறிகூட எந்திரிக்கலீங்க.”

“என்னாச்சு அம்மணி?”

“டிரைவரை நீங்க உங்க சொந்த ஃபோல்டர்ல பதுக்கிப்போட்டுப் போயிட்டீங்கன்னு தம்பிதுரை சார் சொல்றாருங்க. மெய்யாலுமாங்க?”

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே தொடர்ந்தாள். “ஒம்பதுக்கு ராகுகாலம். அதுக்குள்ள தறி ஓடோணுமுங்க. ஓடலீன்னா இந்தப் பொட்டியையே தூக்கி வெளிய வெச்சுப்போட்டு வேற ஆளை வெச்சுப் புதுசாப் பண்ணிக்குவேன். நீங்க சேர்த்து வெச்ச பேரு, அப்புறம் உங்க இஷ்டமுங்க.”

முப்பது வருடத்துப் பெயர், அதுவும் தம்பிதுரை வாயால் போவதா? சரவணம்பட்டியிலிருந்து சோமனூருக்குப் பதினொரு நிமிடத்தில் போனேன். வழியில் ஒரு பஸ் எனக்கு ஒதுங்கி நின்று வணக்கம் வைத்தது. மில் கடிகாரம் ஏழு ஐம்பது காட்டியது. அந்தக் கடிகாரம் எப்போதுமே என் விரோதி.

வாசலில் தறிக்காரர்கள் குளித்து, பொட்டு வைத்து, புதுச் சட்டையில் நின்றார்கள். உள்ளே தம்பிதுரை திரைக்கு முன் வியர்த்துக்கொண்டிருந்தார். எங்கிருந்தோ ஒரு கர்னல் சோர்ஸை இறக்கி, தன் செல்ல /usr/src/linux-இல் வைத்து, build விரலை அங்கே திருப்பி, தன்னிடமிருந்த சீடியிலிருந்து டிரைவரை எடுத்துத் தைத்திருக்கிறார். கர்னல் ‘இது என் அளவில்லை’ என்று துப்பிவிட்டது. இவர் விடவில்லை. பலவந்தமாக உள்ளே திணித்தார். கம்ப்யூட்டர் மொத்தமும் உறைந்து, திரை முழுக்க வெள்ளை எழுத்தில் ஒப்பாரி.

“வம்படியா மாட்டுனீங்களாங்க?” என்றேன்.

“வேற என்ன பண்றதுங்க? நீங்க ஊட்டைப் பூட்டிட்டுப் போயிட்டீங்க.”

“பூட்டுனனா? நீங்க இடிச்சுப்போட்டீங்க!”

“மில்லு சாமானை ஊட்டுல வெச்சது யாருங்க? என்ற பேச்சைக் கேட்டு /usr/src-ல வெச்சிருந்தா நான் கையை வெச்சிருப்பனா? ரிட்டயர் ஆன ஆளு ஊட்டுக்குள்ள தறியோட உசுரு இருக்கும்னு எந்த மடையனுக்குங்க தெரியும்?”

அவர் சொன்னது சரிதான். என் இருபது வருடத்துச் சட்டத்தில் ஒரு ஓட்டை: நான் ஒருநாள் ஓய்வு பெறுவேன் என்று நான் நினைக்கவே இல்லை. ஆனால் இதையெல்லாம் விரோதியிடம் ஒப்புக்கொள்ள முடியுமா?

“அந்த மடையனுக்குத் தெரியாதுன்னுதானுங்க பென்டிரைவ் கட்டித் தொங்கவிட்டேன்,” என்று கையை நீட்டினேன். பூசை முடிந்து யாரும் அதைத் திரும்பக் கட்டவில்லை, பெட்டியில் நூல் மட்டும் ஆடியது.

பூசைச் சாமான்களைப் பார்த்துக்கொண்டது காளியாத்தாள், மில்லைக் கூட்டிப் பெருக்கும் வேலைக்காரி. “நீலமாட்டம் சின்னக் கட்டைங்களா? பொரிக்குப் பக்கத்துலதான் இருந்துச்சுங்க. பொரி சரிஞ்சு இலைமேல கொட்டிப்போச்சு. அப்படியே வாரி, கடலை, சக்கரை கலந்து பொட்டலம் கட்டிக் குடுத்துட்டனுங்க.” சொல்லிக்கொண்டே வாயில் கையை வைத்தாள். “அய்யோ சாமி, அதுக்குள்ளாற போயிருச்சுங்களா?”

“எத்தனை பொட்டலமுங்க?”

“நாப்பத்தி மூணுங்க.”

எட்டு மணி. நாற்பது தறிக்காரர்கள் ஒரே சமயத்தில் வீட்டுக்கு போன் செய்தார்கள். சோமனூரில் நாற்பது வீடுகளில் முறத்திலும் பாயிலும் பொரியைக் கொட்டிப் பரப்பினார்கள். அந்தச் சத்தத்துக்குக் கோயம்புத்தூர்க் காக்கைகள் எல்லாம் கிளம்பிவிட்டன. அவிநாசி ரோட்டில் நிழல் விழுந்தது என்று கேள்வி. எந்த வீட்டிலும் பென்டிரைவ் இல்லை. மிச்சம் மூன்று பொட்டலம். இரண்டு வீட்டில் போன் எடுக்கவில்லை. மூன்றாவது பொட்டலத்தை யாருக்குக் கொடுத்தோம் என்று காளியாத்தாளுக்கு நினைவில்லை.

என் வண்டி, வந்த வேகத்தில் பெட்ரோல் தீர்ந்து நின்றிருந்தது. தம்பிதுரையின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார வேண்டிய கதி. அவர் முதுகை நான் தொடவில்லை. பின்கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

“உழுந்துபோட்டு என்மேல பழி போடாதீங்க,” என்றார்.

“உங்க வண்டியில உழுந்து செத்தா எனக்குத்தானுங்க கேவலம்,” என்றேன்.

முதல் வீட்டில் பொட்டலத்தை ஆடு தின்றுவிட்டிருந்தது. ஆட்டைத் தூக்கிக் குலுக்கிப் பார்க்கலாம் என்றேன். வீட்டுக்காரம்மா விளக்குமாற்றை எடுத்தார். நல்லவேளையாக நாங்கள் கெஞ்சிக்கொண்டிருந்தபோதே தின்னாத மிச்சமும் காகிதமும் தொட்டியோரம் கிடைத்தன, வெறும் பொரி. இரண்டாவது வீட்டில் பொட்டலம் பிரிக்காமல் சாமி படத்தடியில் இருந்தது. பிரித்தோம். இல்லை. எட்டு முப்பத்தைந்து. திரும்பும் வழியில் தூறல் பிடித்தது.

தம்பிதுரை வண்டியை ஓரம் கட்டி, மழைக்கோட்டு எடுக்க சீட்டைத் தூக்கினார். டிக்கிக்குள், மழைக்கோட்டின்மேல், செய்தித்தாளில் கட்டிய ஒரு பொட்டலம்.

“அது என்னுங்க?” என்றேன்.

“அது என்ற பொட்டலமுங்க. காளியாத்தா எனக்குக் குடுத்தது. இதுல இருக்காதுங்க.”

“பிரிங்க.”

“இருக்காதுங்கறேன்ல.”

“பிரிங்கன்னா.”

பிரித்தார். உள்ளங்கையில் கொட்டிக்கொண்டே வந்தார். பொரி, கடலை, தேங்காய்ச் சில்லு. கடைசியாக நாட்டுச்சர்க்கரை ஒட்டிய என் நீலப் பென்டிரைவ், நெற்றியில் நான் பார்த்த அதே குங்குமத்தோடு, அவர் கையில் விழுந்தது. ரோட்டில் ஒரு லாரி போனது. பொரி மழையில் நமத்துக்கொண்டிருந்தது.

“யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க சீனு,” என்றார் கடைசியில்.

நான் சரி என்று தலையாட்டியதாக அவர் எடுத்துக்கொண்டார். மூக்கில் மழைத்துளி விழுந்தது, அதை உதறினேன். அவ்வளவுதான்.

மில்லுக்கு வந்து, உறைந்து கிடந்த கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டு, பென்டிரைவைச் சட்டையில் துடைத்துச் செருகினேன். முழுசாக இருந்தது. எட்டு நாற்பத்தாறு. இப்போது அதை எந்த ஃபோல்டரில் வைப்பது? அந்தப் பதினான்கு நிமிடத்திலும் நாங்கள் சண்டை போட்டோம்.

“/usr/src/linux,” என்றார் தம்பிதுரை.

“செத்தாலும் முடியாதுங்க. எனக்கு ஒரு ஊடு கட்டிக் குடுங்க, அதுல வெக்கறேன்.”

“இன்னுமா ஊடு?”

பிரவீனா மேசையைத் தட்டினாள். “உங்க ஊட்லயும் வேண்டாம், அவரு கோயில்லயும் வேண்டாமுங்க. யாரு ரிட்டயர் ஆனாலும் இருக்கோணும். யாரு பாத்தாலும் எந்தக் கர்னலோடதுன்னு தெரியோணும். அப்படி ஒரு எடம் சொல்லுங்க!”

இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் தோன்றியது. அதுதான் எனக்கு இன்றுவரை அவமானம். /usr/src-க்குள்ளேயே, ஆனால் வெறும் linux என்றில்லாமல், பின்னால் பதிப்பு எண்ணை முழுசாக எழுதி ஒரு ஃபோல்டர். இடம் அவருடையது, எண் என்னுடையது. சோர்ஸை அங்கே வைத்தேன். டிரைவரைப் பக்கத்தில் வைத்தேன். build விரலை அங்கே திருப்பினேன். கம்ப்யூட்டர் அதே அளவில் டிரைவரைத் தைத்து மாட்டிக்கொண்டது. எட்டு ஐம்பத்தாறுக்கு முதல் தறி இருமியது. அப்புறம் அறுபத்து நான்கும் சேர்ந்து போட்ட சத்தத்தில் கேரளத்தில் இரண்டு பேருக்குத் தூக்கம் கலைந்தது.

“ரெண்டு பேருமாச் சேர்ந்து ஓட்டிப்போட்டீங்க,” என்று சொல்லிவிட்டு பிரவீனா தேங்காய் உடைக்கப் போய்விட்டாள். பென்டிரைவ் கிடைத்ததா, எதை வைத்து ஓட்டினோம் என்று அவள் கேட்கவில்லை.

நாங்கள் தேடியதை ஊரே பார்த்தது. கிடைத்ததைப் பார்த்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவர் மறுநாளே சொல்ல ஆரம்பித்தார்: பென்டிரைவ் கிடைக்கவில்லை, தன் சீடியில் இருந்த பழைய பிரதியை வைத்துத் தானே ஓட்டினாராம், தறி நின்றது சீனிவாசலு மில் சாமானைப் பதுக்கியதால். அந்தக் கதை சோமனூரிலிருந்து கிளம்பி என் தெருவரைக்கும் வந்தது. ஒரு வருடம் நான் பேக்கரியில் பன் கேட்டால்கூட, “பதுக்கிப்போடாதீங்க” என்று சொல்லிக் கொடுத்தார் திருமலைசாமி. மில் பூசைக்கு என்னைக் கூப்பிடாமல் விட்டதும் இந்த வருடம்தான் முதல் முறை.

ஆகவேதான் போன வாரம், தம்பிதுரையும் உட்கார்ந்திருக்கும் நேரமாகப் பார்த்து, எல்லார் முன்னாலும் அந்தக் கதையை எடுத்தேன். உங்களிடம் சொன்ன மாதிரியே சொன்னேன். ஒன்றிரண்டு இடத்தில் மட்டும் கொஞ்சம் மசாலா தூவினேன்.

“டிக்கியைத் தொறந்தாருங்களா,” என்றேன், “பொட்டலத்துக்குள்ள பென்டிரைவு. சுத்தியும் எறும்பு. சாதாரண எறும்பில்லீங்க, கட்டெறும்பு, ஐந்நூறு. அதுல நாலு பென்டிரைவைத் தலைமேல தூக்கிட்டுக் கிளம்பிருச்சுங்க.”

ஏழு பேரும் சிரித்தார்கள். தம்பிதுரை டம்ளரை இறுக்கிப் பிடித்தார்.

“இவரு நடுரோட்டுல என் கால்ல நெடுஞ்சாண்கிடையா உழுந்தாருங்க. ‘சீனு, நீங்கதான் தெய்வம்’னாரு. ஓன்னு ஒரே அழுகை. அந்தக் கண்ணுத்தண்ணியில பொரியெல்லாம் நனைஞ்சு நமத்துப்போச்சுங்க.”

தம்பிதுரை எழுந்தார். நாற்காலி பின்னால் விழுந்தது.

“நான் எப்பங்க அழுதேன்? மழையிலதானுங்க நமத்துச்சு! உங்க கால்ல நான் உழுந்தனா? நாக்கு அழுகிப் போயிருமுங்க! கட்டெறும்பாம், ஐந்நூறாம்! ஒரு எறும்பு எங்கீங்க இருந்துச்சு? வெறும் சக்கரைதானுங்க ஒட்டியிருந்துச்சு!”

நான் பன்னைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டேன்.

திருமலைசாமி கல்லாவைவிட்டு மெதுவாக வெளியே வந்தார். “எதுலீங்க ஒட்டியிருந்துச்சு?”

தம்பிதுரை அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இருபத்தொரு வருடத்தில் அப்படி ஒரு பார்வையை நான் பார்த்ததில்லை. நாற்காலியை நிமிர்த்தி வைத்து, அதில் உட்காராமல் நின்றார்.

“பென்டிரைவுலதானுங்க.”

“அது எங்கீங்க இருந்துச்சு?”

“என்ற டிக்கியில. என்ற பொரிப் பொட்டலத்துல.” டம்ளரை மேசைமேல் வைத்தார். “ஆமாங்க. நடந்துச்சு.”